பாறையை விடுங்கள், மகோமோவைக் கவனியுங்கள்: 'டீமன் ஸ்லேயர்' 3-ஆம் எபிசோடு விமர்சனம்

'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் முதல் சீசனின் 26 எபிசோடுகளில் ரசிகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடுவது 19-ஐத்தான். நெருப்பு நடனம், தங்கச்சிப் பாசம், பின்னால் ஓடும் பாட்டு எல்லாம் சேர்ந்து அது தூள். ஆனால் கம்பு, கராத்தே, ஓட்டம் என்று ஏதாவது ஒன்றில் உடம்பை வருத்துகிறவர்களுக்கு உருப்படியான எபிசோடு மூன்றாவதுதான். பெயர் 'சபிட்டோவும் மகோமோவும்', பயிற்சியின் நடுவே வந்து சேரும் ஒரு பையனும் ஒரு பெண்ணும். ஜப்பானில் 2019 ஏப்ரல் 20-ல் ஒளிபரப்பானது. மனுஷனும் பேயும் மோதுகிற சண்டை இதில் கிடையாது. முழுக்க முழுக்க ஒரு பையனைப் பிழிந்தெடுக்கும் பயிற்சி.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கரி விற்கிற குடும்பத்துப் பையன் டான்ஜிரோ, வயது 13. வீட்டில் எல்லோரையும் பேய் கொன்றுவிடுகிறது. மிஞ்சிய தங்கச்சி நெசுகோவே பேயாகிவிடுகிறாள். பேய்வேட்டைக்குத் தயாராக அவன் போய்ச் சேருமிடம் சகிரி மலை அடிவாரத்தில் இருக்கும் உரோகொடாகி என்ற கிழவரின் குடிசை. முகமூடியைக் கழற்றாத மனுஷர். சிரிப்பும் கிடையாது, சமாதானமும் கிடையாது.

முதல் பரீட்சை இரண்டாம் எபிசோடின் கடைசியிலேயே வந்துவிடுகிறது. ராத்திரி நேரம் மலைமேல் கொண்டுபோய் விட்டுவிட்டு, விடிவதற்குள் குடிசைக்கு வந்து சேர் என்கிறார். வழியெல்லாம் பொறி. கயிறு தட்டினால் கல் பறந்து வரும், காலை வைத்தால் குழி, தப்பித்தால் கட்டை வந்து முதுகில் அறையும். டான்ஜிரோவுக்கு மோப்ப சக்தி உண்டு, பொறி எங்கே இருக்கிறது என்று மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் உடம்பு விலகமாட்டேன் என்கிறது. புதிதாகக் கம்பு பிடிக்கிற எல்லோருக்கும் இதே சிக்கல்தான். அடி வருவது கண்ணுக்குத் தெரியும், கால் நகராது.

மூன்றாம் எபிசோடில் இந்த இறக்கம் தினசரி வேலையாகிறது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் வெறுங்கையோடு இறங்குகிறான். அது பழகியதும் பொறிகள் மோசமாகின்றன. அப்புறம் கையில் வாளைக் கொடுத்து இறங்கச் சொல்கிறார், அந்த நீளம் இடைஞ்சலாகி, பழகியிருந்ததெல்லாம் மறுபடி தடுமாறுகிறது. மலை அதேதான், பாடம் அதேதான், ஒரு நேரத்தில் ஒரு கஷ்டம் மட்டும் கூடுகிறது. பயிற்சி எழுதத் தெரிந்த யாரோ எழுதிய வரிசை இது. ஒரே நாளில் தூரம், வேகம், சுமை மூன்றையும் ஏற்றுகிற நம்மூர் 'பாடி ஏத்துற' ஆர்வக்காரர்கள் இந்த இரண்டு நிமிஷத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

இறக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது தொடை வாங்கும். இறங்குகிற ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. தசையில் நுண்ணிய கிழிசல் உண்டாவது இந்த வேலையில்தான் அதிகம். அதனால்தான் வலி அன்றைக்கு வராது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போகும். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை இந்த வலியைப் பார்த்த தசை அடுத்த முறை அதே இறக்கத்துக்கு அவ்வளவு நோகாது. டான்ஜிரோ தினமும் இறங்குகிறான், நீங்கள் அப்படி ஆரம்பிக்கக் கூடாது. வாரத்துக்கு ஒருநாள், 15 நிமிஷம், வேக நடையில் தொடங்குங்கள். நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளி. மூன்று நான்கு வாரம் கழித்து மெல்லோட்டம்.

காலடி சின்னதாக இருக்கட்டும். குதிகாலை முன்னால் ஊன்றிப் 'பிரேக்' போட்டால் அந்த அதிர்ச்சி நேராக முழங்காலுக்குப் போகும். முழங்கால் லேசாக மடிந்தபடி, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும். உடம்பைப் பின்னால் சாய்க்கக் கூடாது, பயத்தில் எல்லோரும் செய்வது அதைத்தான். பார்வை காலடியில் அல்ல, நாலைந்து அடி முன்னால். ஷூவின் லேஸை மேல் ஓட்டையில் இறுக்கிக் கட்டாவிட்டால் கால் முன்னால் சறுக்கி, கட்டைவிரல் நகம் கறுத்துவிடும்.

சேலத்துப் பசங்களுக்கு இந்தக் காட்சியைப் பார்த்ததும் ஏற்காடு ஞாபகம் வருவது சகஜம். 20 கொண்டை ஊசி வளைவு, காலை மூடுபனி, சகிரி மலைக்கு அச்சு அசல். ஆனால் அடிவாரம் சோதனைச் சாவடி தாண்டினால் அது பஸ்ஸும் லாரியும் போகிற பாதை. வளைவில் திரும்புகிற பஸ்ஸுக்கு உட்புறமாக ஒட்டி ஓடுகிறவன் தெரியவே மாட்டான். விடியுமுன் இருட்டில் வேண்டாம். மே மாதம் கோடை விழா நேரத்தில் எந்நேரமும் வேண்டாம். காட்டுக்குள் குறுக்கே இறங்கலாமே என்றால், காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், காட்டெருமை வேறு நடமாடுகிறது. மேலே ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன ஏற்ற இறக்கச் சாலைகள் நிறைய இருக்கின்றன. 200 மீட்டர் இறக்கம் ஒன்று போதும். இறங்கு, நடந்து ஏறு, மறுபடி இறங்கு. உரோகொடாகியின் பொறிக்குப் பதிலாக, துணைக்கு வந்தவன் எதிர்பாராத நேரத்தில் 'இடது', 'வலது' என்று கத்தட்டும்.

சகிரியில் காற்று தன் சொந்த மலையைவிட மெலிந்திருக்கிறது என்று டான்ஜிரோ திணறுகிறான். சகிரி கற்பனை மலை. அவன் ஊரான குமோதோரி நிஜம், தோக்கியோவுக்கு மேற்கே இருக்கிறது, உச்சி 2,017 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, சுமார் 280 மீட்டரில் இருக்கும் சேலத்திலிருந்து போகிறவனுக்கு ஓடும்போது அது கண்டிப்பாகத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போய் ஓடிவிட்டு மதியம் தட்டுவடை செட் சாப்பிடச் சேலம் திரும்பினால் ரத்தத்தில் எதுவும் மாறாது. சிவப்பணு கூடுவதற்கு அதைவிட உயரத்தில் வாரக்கணக்கில் தங்க வேண்டும். டான்ஜிரோ அங்கேயே கிடந்தான், அதனால் அவன் கணக்கு சரி.

அடுத்தது வாள். கை கழன்று விழும்போல ஆகும்வரை வீசச் சொல்கிறார். அதைவிட முக்கியம் கூடவே சொல்கிற ஒரு விஷயம்: வாள் நீளவாக்கில் பலம், பக்கவாட்டில் பலவீனம், அதனால் கூர் போகிற திசையும் விசை போகிற திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். உடைத்தால் உன் எலும்பையும் உடைப்பேன் என்று மிரட்டல் வேறு. வசனம் காமெடிபோல வந்தாலும் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஜப்பானிய வாள்வீச்சில் வருஷக்கணக்கில் சீர்செய்வது இதைத்தான்.

சிலம்பத்திலிருந்து வாளுக்குப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். கம்பு உருண்டை. எந்தப் பக்கம் திரும்பி அடித்தாலும் அடி அடிதான், மணிக்கட்டு திரும்பியிருந்தால் கம்பு காட்டிக்கொடுக்காது. இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. மரக்கடையில் கிடைக்கிற தட்டையான ரீப்பர் கட்டை ஒன்றை மூன்றடிக்கு வெட்டி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, பிடிக்கத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். குறுகலான ஓரம் முன்னால் வரும்படி மேலிருந்து கீழே வீசுங்கள். நேராகப் போனால் 'உய்ங்' என்று மெல்லிய சத்தம். கோணினால் விசிறிபோல 'பஃப்' என்று காற்றை அறையும், பிடியே உள்ளங்கையில் திருகும். காதை நம்புங்கள், கண்ணாடி தேவையில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் இறுக்கிப் பிடிக்கட்டும், ஆள்காட்டி விரல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். எல்லா விரலையும் இறுக்கினால் நூறு வீச்சுக்குள் முழங்கையின் உட்புறம் வலிக்கத் தொடங்கும்.

எத்தனை வீச்சு? தொடரில் எண்ணிக்கையே முக்கியம் என்பதுபோல ஒரு தொனி இருக்கிறது. நமக்கு 50 சுத்தமான வீச்சு, ஓய்வு, இன்னொரு 50 போதும். சத்தம் மாறத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதற்கப்புறம் வீசுவது தப்பை மனப்பாடம் செய்வது. மரவாள் அரைக் கிலோ சொச்சம், நிஜ வாள் ஒரு கிலோவைத் தாண்டும். மரவாளிலிருந்து அதற்குப் போகும்போது எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

விழும் பயிற்சி வந்ததும் தெரியாமல் போய்விடுகிறது, எனக்கு அது பெரிய குறை. எப்படி விழுந்தாலும் உடனே எழ வேண்டும் என்பது பாடம். டான்ஜிரோ வாளோடு பாய்கிறான், வெறுங்கையோடு நிற்கும் கிழவர் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். ஆனால் தரையில் எது முதலில் படுகிறது என்று எந்த ஷாட்டும் காட்டவில்லை. இதைப் பார்த்துவிட்டு மொட்டைமாடி சிமெண்டில் செய்து பார்த்தால், கையை நீட்டி ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்வதுதான் நடக்கும். முறை இது: பாயில் அல்லது உழுத மண்ணில், முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து, பிறகு குந்திய நிலையிலிருந்து, கடைசியாக நின்றபடி. தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் பின்மண்டை தரையில் படாது. முன்பக்கம் உருளும்போது வலது தோளில் தொடங்கி, முதுகில் குறுக்காகப் போய், இடது இடுப்பில் முடிய வேண்டும். நேர் முதுகெலும்பில் உருண்டால் வலி சொல்லிவிடும்.

சரி, மூச்சு. தொடரின் உயிரே இதில்தான், பெரிய புருடாவும் இதில்தான். வயிற்றில் பலம் நிற்கவில்லை என்று உரோகொடாகி வயிற்றிலேயே அறைகிறார். பிறகு மகோமோ விளக்குகிறாள்: நுரையீரலைப் பெரிதாக்கு, ரத்தத்தில் காற்றை நிறைய ஏற்று, எலும்பும் தசையும் சூடாகிப் பலமாகும். கேட்க அழகு. உண்மையில் ஆரோக்கியமான ஆளின் ரத்தம் சும்மா இருக்கும்போதே 95 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்டுதான் ஓடுகிறது, மூச்சை வேகமாக இழுத்து அதற்குமேல் திணிக்க இடமில்லை. வேகமாக இழுத்தால் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், அவ்வளவுதான். வளர்ந்தவர்களுக்கு நுரையீரல் பெரிதாவதில்லை. பயிற்சியில் முன்னேறுவது இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுகிற ரத்தத்தின் அளவும், தசை அதைப் பயன்படுத்துகிற திறனும்.

ஆனால் வயிற்றில் அறைகிற பாடம் பொய்யல்ல. "தம்பி, மூச்ச அடக்காத, அடிக்கும்போது விடு" என்று சிலம்ப வாத்தியார்கள் சொல்வதும் இதேதான். வயிறு இறுகி, மூச்சு வெளியேறும் கணத்தில் அடி விழுந்தால் இடுப்பின் சுழற்சி கம்புக்குப் போய்ச் சேரும். மேல்நெஞ்சில் மூச்சு நின்றால் தோள் தூக்கிக்கொள்ளும், அடி கையோடு நின்றுவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை, சத்தமாக: வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டுத் தண்ணீருக்கடியில் மூச்சடக்கிப் பார்க்காதீர்கள். மூச்சு முட்டுகிற உணர்வே வராமல் மயக்கம் வந்துவிடும். கிளியூர் அருவியானாலும் சரி, தோட்டத்துக் கிணறானாலும் சரி.

இனி நிஜமான சரக்கு. ஒரு வருஷம் ஆனதும் உரோகொடாகி, இனி உனக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை என்கிறார். ஆளைவிட உயரமான, கயிறு சுற்றிய ஒரு பாறையைக் காட்டி, இதை வாளால் வெட்டினால் அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இருப்பது பெரும்பாலும் சார்னோகைட் என்ற கடினமான பாறை, வரிசையாகத் துளை போட்டு ஆப்பு இறக்கிச் சம்மட்டியால் அடித்தால்தான் பிளக்கும். வாளால் பாறை என்பது கதைக்கு, அதை அப்படியே விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது அடுத்த ஆறு மாசம். டான்ஜிரோ தான் எழுதி வைத்திருந்த நாட்குறிப்பைப் பிரித்து, மூச்சடக்கம், உடம்பை வளைப்பது என்று அடிப்படையிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் செய்கிறான். எழாமல் தூங்கிக்கொண்டே இருக்கும் தங்கச்சி கண் விழித்ததும் காட்டத்தான் எழுதினான், அதுவே பயிற்சிக் குறிப்பேடாகிவிட்டது. ஆறு மாசமும் பாறை அசையவில்லை. பயிற்சி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. தன் தப்பு தனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் நரி முகமூடியோடு சபிட்டோ வருகிறான். டான்ஜிரோவிடம் நிஜ வாள், அவனிடம் மரவாள். துவைத்துப் போட்டுவிடுகிறான். அவன் சொல்வதன் சாரம்: நீ இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்கிறாய், உன் உடம்புக்கு எதுவும் தெரியாது. நெஞ்சு நிமிர்கிற வசனம், ரசிகர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் சபிட்டோ மட்டும் வந்திருந்தால் டான்ஜிரோ இன்னும் ஆறு மாசம் அதே தப்போடு அடிவாங்கியிருப்பான். அவனைத் தேற்றுகிறவள் மகோமோ. பக்கத்தில் உட்கார்ந்து, தேவையில்லாமல் எங்கே அசைகிறாய், எந்தக் கெட்ட பழக்கம் ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். கத்தவில்லை, திட்டவில்லை. ஒருத்தன் அழுத்தம் கொடுக்கிறான், இன்னொருத்தி தப்பைக் காட்டுகிறாள். இரண்டும் சேர்ந்த பிறகு, மேலும் ஆறு மாசத்தில் வேலை முடிகிறது.

நம் பயிற்சிக் களங்களில் சபிட்டோக்களுக்குப் பஞ்சமில்லை, மகோமோக்கள்தான் குறைவு. ஆள் கிடைக்காவிட்டால் போனை வையுங்கள். பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், ஸ்லோமோஷனில். முதல் வீச்சைப் பார்க்காதீர்கள், களைத்த பிறகு வருகிற கடைசிப் பத்தைப் பாருங்கள், தப்பெல்லாம் அங்கேதான் குடியிருக்கும். அடிக்கு முன்னால் எது அசைகிறது என்பதே கேள்வி. பெரும்பாலும் தோள் ஒரு விரற்கடை மேலே ஏறும், அல்லது பின்கால் குதி தூக்கும், அல்லது முழங்கை வெளியே விரியும். எதிரில் நிற்பவன் அதைப் பார்த்துத்தான் விலகுகிறான், கம்பைப் பார்த்து அல்ல. ஒரு வாரத்துக்கு ஒரு தப்பு மட்டும். இரண்டை ஒன்றாகத் திருத்தப் போனால் இரண்டும் போகாது. நோட்டில் தேதி, அன்றைய தப்பு, எத்தனையாவது வீச்சில் திரும்பி வந்தது, இந்த மூன்றும் போதும்.

கடைசி மோதலை, தொடரைத் தயாரித்த யூஃபோடேபிள் ஸ்டூடியோ எடுத்திருக்கும் விதம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. இம்முறை சபிட்டோ கையிலும் நிஜ வாள். நீட்டி முழக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பாய்கிறார்கள், வீணான அசைவு இல்லாதவன் வாள் ஒரு கணம் முன்னால் போய்ச் சேருகிறது. முகமூடியின் குறுக்கே விரிசல் விழுகிறது, அடுத்த நொடி அங்கே நிற்பது பிளந்த பாறை. சபிட்டோவுக்கு யூகி காஜியும் மகோமோவுக்கு ஐ காகுமாவும் குரல். அந்த மெல்லிய குரலுக்காகவே ஜப்பானிய ஒலியில் சப்டைட்டிலோடு ஒருமுறை பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. இரண்டு வருஷத்தை 24 நிமிஷத்தில் அடக்கியதால் ஓய்வும் சாப்பாடும் காணாமல் போய்விட்டன. 13 வயதில் தினமும் இப்படி இறங்கி, வீசி, விழுந்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது வளரும் பையன்களுக்குச் சாதாரணம். அந்த வயதில் அந்த இடத்தைத் தொட்டாலே வலித்தால், நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும், பல்லைக் கடிக்கக் கூடாது. சபிட்டோவின் 'ஆம்பளையா இருந்தா' வகை வசனங்கள் கொஞ்சம் திகட்டுகின்றன. நாட்குறிப்பு ஓடுகிற பகுதியில் இசை தேவைக்கு மேல் உருகுகிறது.

வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு பார்க்க நினைத்தால், மூன்றாவதை மட்டும் தனியாகப் போட்டால் ஒன்றும் புரியாது. முதல் எபிசோடிலோ ரத்தவெள்ளத்தில் கிடக்கும் குடும்பத்தைக் காட்டுகிறார்கள், பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். பெரியவர்கள் முதல் மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, சபிட்டோவும் மகோமோவும் யார் என்ற கேள்வியோடு ஒருநாள் இடைவெளி விட்டு நான்காவதைப் போடுங்கள். பதில் அதில் இருக்கிறது. யாராவது முன்கூட்டியே சொல்லவந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.